ஜிகோரோ கானோ பெற்ற கௌரவங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூடோ என்றதும் அதை உருவாக்கிய ஜிகோரோ கானோவின் பெயர் வரும். பலருக்கு அவரைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். வாழ்நாளின் பெரும்பகுதியை அவர் பள்ளி முதல்வராகவும், விளையாட்டு அமைப்புகளைக் கட்டியெழுப்பியவராகவும் கழித்தார் என்று சொன்னால் வியப்பாகப் பார்க்கிறார்கள். அவருக்குக் கிடைத்த பட்டங்கள், பதவிகள், விருதுகள் பற்றி நண்பர்களும் மாணவர்களும் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

கானோ யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1860-இல் ஜப்பானின் கோபே நகரை ஒட்டிய மிகாகே என்ற கடலோர ஊரில் பிறந்தார். அரிசி மதுவான சாக்கே காய்ச்சுவதில் பெயர்பெற்ற வட்டாரம் அது. கானோவின் குடும்பமும் அந்தத் தொழிலில் செல்வாக்குள்ள குடும்பம். சிறு வயதிலேயே தாயை இழந்தவர், அதன்பின் தோக்கியோவுக்கு வந்து படித்தார். ஆங்கிலத்தில் கெட்டிக்காரர், உடம்பில் நோஞ்சான். உயரம் ஐந்தடி இரண்டங்குலம்தான். பள்ளியில் பெரிய பையன்கள் அடித்துத் துன்புறுத்தியதால், ஜப்பானின் பழைய தற்காப்புக் கலையான ஜுஜுட்சு கற்க ஆசைப்பட்டார். 1877-இல் தோக்கியோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்த காலத்தில்தான் அதற்கு ஓர் ஆசான் கிடைத்தார். 1882-இல் எய்ஷோஜி என்ற புத்தக் கோயிலில் பன்னிரண்டு பாய் விரித்த இடத்தில் கோடோகான் என்ற தம் ஜூடோ பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். முதல் ஆண்டில் வந்த மாணவர்கள் ஒன்பது பேர். ஆரம்பத்தில் அவர்களிடம் அவர் கட்டணம் வாங்கவில்லை.

அதே 1882-இல் காகுஷூயின் பள்ளியில் ஆசிரியராகவும் சேர்ந்தார். ஜூடோ ஆசானும் பள்ளி ஆசிரியரும் ஒரே ஆண்டில் பிறந்தார்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், பிறகு அவருக்கு வந்த கௌரவங்கள் எல்லாம் எங்கிருந்து வந்தன என்பது புரியும்.

அவருக்குக் கிடைத்த கௌரவங்கள் என்னென்ன?

வாழ்ந்த காலத்தில் வந்தவை முதலில். 1909-இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவில் உறுப்பினரானார். அந்தக் குழுவில் இடம்பெற்ற முதல் ஆசியர் அவர்தான். 1911-இல் ஜப்பானின் முதல் தேசிய விளையாட்டுச் சங்கத்தை நிறுவி அதன் முதல் தலைவரானார். 1921-இல் அந்தப் பொறுப்பை விட்டபின் கௌரவத் தலைவர் என்று வைத்துக்கொண்டார்கள். 1922-இல் ஜப்பானிய நாடாளுமன்றத்தின் மேலவைக்கு நியமிக்கப்பட்டார். 1924-இல் அவர் நீண்ட காலம் முதல்வராக இருந்த தோக்கியோ உயர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி அவரைக் கௌரவப் பேராசிரியராக்கியது. 1935-இல் ஜப்பானில் விளையாட்டை அமைப்பாக வளர்த்தெடுத்த வாழ்நாள் பணிக்காக அசாஹி பரிசு கிடைத்தது. இவற்றோடு அரசின் முதல் வகுப்பு விருதும், உதயசூரியன் பெயரிலான உயரிய விருதும், அரசவைத் தகுதிநிலையும் அவர் பெயருக்கு உண்டு.

மறைந்த பிறகு வந்தவற்றைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

இந்தப் பட்டியலில் ஒன்றைக் கவனியுங்கள். பாதிக்கு மேல் பதக்கமோ பட்டயமோ இல்லை, பொறுப்புகள். இந்த வேலையை இவரிடம் கொடுத்தால் நடக்கும் என்று நம்பிக் கொடுத்தவை. கழுத்தில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும் கௌரவத்தைவிட, மறுநாள் காலை மேசையில் கோப்போடு காத்திருக்கும் கௌரவம் உயர்ந்தது என்றே நான் நினைக்கிறேன்.

சர்வதேச ஒலிம்பிக் குழுவில் ஏன் ஒரு பள்ளி முதல்வரைத் தேடிப்பிடித்தார்கள்?

நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கிய பிரெஞ்சுக்காரர் பியர் தெ குபெர்த்தின் அடிப்படையில் ஒரு கல்விச் சிந்தனையாளர். பள்ளிக்கூடங்களில் விளையாட்டு இருந்தால்தான் இளைஞர்கள் முழு மனிதர்களாவார்கள் என்ற எண்ணத்திலிருந்து ஒலிம்பிக்குக்கு வந்தவர். ஆசியாவில் ஒரு உறுப்பினர் வேண்டும் என்று அவர் விரும்பியபோது, தோக்கியோவில் இருந்த பிரெஞ்சுத் தூதர் ஒகுஸ்த் ஜெரார் வழியாகத் தேடல் நடந்தது. கானோவுக்கு ஆங்கிலம் தெரியும்; 1889 முதல் 1891 வரை ஐரோப்பாவைச் சுற்றிப் பள்ளிகளைப் பார்த்து வந்தவர்; நாட்டின் ஆசிரியர்களை உருவாக்கும் கல்லூரியின் தலைவர்; மாணவர்களை ஓடவும் நீந்தவும் வைத்துக்கொண்டிருந்தவர். இவரைவிடப் பொருத்தமானவர் அன்றைய ஜப்பானில் இருந்திருக்க முடியாது.

ஆனால் அழைப்பு வந்த நேரத்தில் ஜப்பானில் ஒலிம்பிக்குக்கு ஆள் அனுப்ப ஓர் அமைப்பே இல்லை. ஓட்டப் போட்டி, நீளந்தாண்டுதல் எல்லாம் பள்ளி விழாக்களில் நடக்கும் வேடிக்கை என்ற அளவில்தான் இருந்தன. ஆகவே 1911-இல் கல்லூரிகளையும் பல்கலைக்கழகங்களையும் சேர்த்துக்கொண்டு கானோ அந்தச் சங்கத்தையே உருவாக்கவேண்டியிருந்தது. இன்றைய ஜப்பானிய விளையாட்டுச் சங்கத்தின் வேர் அதுதான்.

1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்குக்கு ஜப்பான் எத்தனை பேரை அனுப்பியது?

இரண்டே பேரை. குறுந்தொலைவு ஓட்டத்துக்கு யாஹிகோ மிஷிமா, மாரத்தானுக்கு ஷிஸோ கனகுரி. கனகுரி கானோவின் கல்லூரி மாணவர். கல்லூரியில் எல்லோரும் ஓடவேண்டிய நெடுந்தொலைவு ஓட்டத்தை கானோ வழக்கமாக்கியிருந்தார். குமமோட்டோ கிராமத்துப் பையன் ஒருவனின் கால் வலிமை வெளியே தெரிந்தது அந்த ஓட்டத்தில்தான்.

1911 நவம்பரில் தோக்கியோவின் ஹனேடாவில் தேர்வுப் போட்டி நடந்தது. கனகுரி 2 மணி 32 நிமிடம் 45 நொடியில் ஓடி முடித்தார். தூரம் சரியாக அளக்கப்பட்டதா என்ற ஐயம் உண்டு என்றாலும், உலகின் வேகமான நேரம் என்று அப்போது பேசப்பட்டது. பயணச் செலவுக்கு அரசு பணம் தரவில்லை. சக மாணவர்கள் சேர்த்துக் கொடுத்தார்கள். கடல் கடந்து, பிறகு சைபீரிய ரயிலில் நாள்கணக்கில் பயணம். காலில் ஜப்பானியத் துணிச்செருப்பான தாபி.

தொடக்க விழாவில் மிஷிமா கொடி பிடிக்க, கனகுரி நாட்டின் பெயர்ப்பலகையைத் தாங்க, பின்னால் கானோவும் நடந்தார். பலகையில் ஜப்பான் என்று எழுதவில்லை. ‘நிப்போன்’ என்று தங்கள் மொழியில் சொல்லும் பெயரையே எழுதியிருந்தார்கள்.

பதக்கம் எதுவும் வரவில்லை. 1912 ஜூலை 14 அன்று நடந்த மாரத்தானில் வெயில் கொளுத்தியது. ஓடத் தொடங்கிய 68 பேரில் பாதிப்பேர்தான் முடித்தார்கள். போர்ச்சுகலின் பிரான்சிஸ்கோ லசாரோ பாதையில் சுருண்டு விழுந்து மறுநாள் இறந்தார். கனகுரியும் வழியில் தளர்ந்து, ஒரு குடும்பத்தார் தோட்டத்தில் அடைக்கலம் புகுந்தார். அங்கே அவருக்குக் குடிக்கக் கொடுத்துத் தேற்றினார்கள். போட்டியை விட்டு விலகியதை அமைப்பாளர்களிடம் சொல்லாமலே போய்விட்டார். காணாமல்போனவர் என்றே குறிப்பேட்டில் அவர் பெயர் கிடந்தது.

அரை நூற்றாண்டு கழித்து, 1967-இல், சுவீடன்காரர்கள் அவரை அழைத்து அந்த ஓட்டத்தை முடித்துவைத்தார்கள். 75 வயதில் அரங்கத்தில் எல்லைக்கோட்டைத் தொட்டார். அவருடைய அதிகாரபூர்வ நேரம்: 54 ஆண்டு, 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிடம், 20.3 நொடி.

கானோ 1912-இல் தோல்வியோடு திரும்பினார் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தத் தோல்வியைச் சுமந்து வந்த கனகுரிதான் ஜப்பான் முழுக்க நெடுந்தொலைவு ஓட்டத்தைப் பரப்பினார். 1920-இல் தொடங்கிய ஹகோனே தொடர் ஓட்டத்துக்கு முன்னின்று உழைத்தார். முதல் ஹகோனே போட்டியில் நான்கே கல்லூரிகள் ஓடின. வென்றது கானோவின் கல்லூரி. இன்று புத்தாண்டு விடுமுறையில் ஜப்பான் முழுவதும் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து பார்க்கிற போட்டி அது.

கல்விக்கு அவர் தனியாக என்ன செய்தார்? விளையாட்டுக்காரர் என்பதால் கௌரவமாகக் கொடுத்த பதவிகளா?

இல்லவே இல்லை. அன்றைய ஜப்பானில் தெருவில் போகிற ஒருவரை நிறுத்தி கானோ யார் என்று கேட்டிருந்தால், பாதிப்பேராவது ‘உயர் ஆசிரியர் கல்லூரி முதல்வர்’ என்றுதான் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

1891-இல் குமமோட்டோவில் ஐந்தாம் உயர்பள்ளியின் முதல்வரானார். அங்கே ஆங்கிலம் கற்பிக்க லாஃப்காடியோ ஹெர்னைக் கொண்டுவந்தவர் அவர். பின்னாளில் ஜப்பானை மேற்கத்திய வாசகர்களுக்கு அறிமுகப்படுத்திய எழுத்தாளர் ஹெர்ன்; குமமோட்டோவில் பார்த்ததை வைத்து ஜுஜுட்சு பற்றி அவர் எழுதிய கட்டுரை 1895-இல் வெளிவந்தபோது, அந்தச் சொல்லையே பலர் முதன்முறையாகக் கேட்டார்கள்.

1893-இல் தோக்கியோ உயர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வர் பதவி வந்தது. இடையில் இரண்டு முறை பதவி போய், திரும்பவும் வந்து, 1920 வரை மூன்று தவணைகளில் மொத்தம் 23 ஆண்டுகளுக்கு மேல் அந்த நாற்காலியில் இருந்தார். நாடெங்கும் நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளுக்குப் போகும் ஆசிரியர்கள் அங்கிருந்துதான் வந்தார்கள். ஆகவே அங்கே கானோ ஒரு பழக்கத்தைத் தொடங்கினால் பத்து ஆண்டுகளில் அது ஊர்ப்பள்ளி வரை போய்ச்சேரும். ஜூடோவையோ கத்திப் பயிற்சியையோ எல்லா மாணவர்களும் பழகவேண்டும், கோடையில் கடலுக்குப் போய் நீந்தவேண்டும், ஆண்டுதோறும் நெடுந்தூரம் ஓடவேண்டும் என்று அவர் வைத்தார். தமிழாசிரியர், வரலாற்று ஆசிரியர் என்று நாம் பிரிப்பதுபோல் அவர்களும் பாடவாரியாகப் பிரிந்தவர்கள்தான். ஆனால் ஓடுவது எல்லோருக்கும் பொது. விளையாட்டு வகுப்பைக் கணக்குப் பாடத்துக்கு விட்டுக்கொடுத்தே வளர்ந்த நம்மில் பலருக்கு இதன் அருமை சட்டென்று விளங்கும்.

ஆள் தெரிவதில் அவருக்கு இருந்த கண்ணைப் பற்றி ஒரு நிகழ்ச்சி உண்டு. 1893-இல் நட்சுமே சோசெகி என்ற இளைஞரை ஆங்கில ஆசிரியராக அழைத்தார். மாணவர்களுக்கு முன்மாதிரியாக நடக்கும் தகுதி தனக்கு இல்லை என்று சோசெகி தயங்கி மறுத்தார். அவ்வளவு நேர்மையாக மறுப்பதைப் பார்த்தால் நீங்கள் வந்தே ஆகவேண்டும் என்று இன்னும் அதிகமாகத் தோன்றுகிறது என்று கானோ பதில் சொன்னாராம். இதைப் பிற்காலத்தில் ஒரு சொற்பொழிவில் நினைவுகூர்ந்தவர் சோசெகியே. அதற்குள் அவர் ஜப்பானின் மிகப் பெரிய நாவலாசிரியராகியிருந்தார்.

சீன மாணவர்களுக்காக அவர் ஒரு பள்ளி நடத்தினார் என்கிறார்களே?

ஆம். 1896-இல் சீன அரசு ஜப்பானுக்கு அனுப்பிய முதல் 13 மாணவர்களின் கல்விப் பொறுப்பு கானோவிடம் வந்தது. ஓராண்டுக்கு முன்புதான் இரு நாடுகளுக்கும் இடையே போர் முடிந்திருந்தது. தோற்ற நாட்டுப் பிள்ளைகளை வென்ற நாட்டு ஆசிரியர் பொறுப்பேற்றுப் படிக்கவைப்பது அன்று எளிதான காரியமில்லை. தலைப்பின்னலைப் பார்த்துத் தெருவில் கேலி செய்வார்கள். வகுப்புகள் வளர்ந்து கோபுன் காகுயின் என்ற பள்ளியாயின. 1909-இல் மூடப்படும் வரை ஆயிரக்கணக்கான சீன மாணவர்கள் அங்கே படித்தார்கள். நவீனச் சீன இலக்கியத்தின் தலைமகனான லூ ஷுன் 1902 முதல் 1904 வரை அங்கு மாணவர்.

இதில் எனக்கு மிகப் பிடித்த பகுதி ஒன்று. 1917-இல் உடற்பயிற்சியைப் பற்றிச் சீன இதழ் ஒன்றில் ஓர் இளைஞர் கட்டுரை எழுதினார். பலவீனமான உடம்போடு தொடங்கிப் பெரும் வலிமை அடைந்தவர்களுக்கு எடுத்துக்காட்டாக அமெரிக்காவின் ரூஸ்வெல்ட், ஜெர்மனியின் உடற்கட்டு வீரர் சாண்டோ, ஜப்பானின் கானோ என்று மூன்று பேரைச் சொன்னார். அந்த இளைஞர் மாவோ சேதுங். அவருக்குக் கற்பித்த யாங் சாங்ஜி ஜப்பானில் கானோவின் பள்ளியில் படித்துத் திரும்பியவர். எந்த அரசும் கொடுக்காத, எந்தச் சுவரிலும் மாட்டமுடியாத கௌரவம் இது: ஆசிரியரின் பெயர் மாணவரின் மாணவர் வாயில் வருவது.

ஜுஜுட்சு எப்படி ஜூடோ ஆனது? பெயரை மாற்றினால் போதுமா?

பெயரில்தான் அவருடைய எண்ணமே இருக்கிறது. ஜுட்சு என்றால் வித்தை. டோ என்றால் வழி. எதிராளியை வீழ்த்தும் வித்தையாக இருந்ததை ஆளை உருவாக்கும் வழியாக அவர் பார்த்தார். ஆபத்தான அடிகளையும் முறிப்புகளையும் சுதந்திரப் பயிற்சியிலிருந்து எடுத்தார். அவற்றை வரிசைப்படுத்திய வடிவங்களாக மட்டும் வைத்தார். மிச்சமிருந்த எறிதல்களையும் பிடிகளையும் முழு பலத்தோடு பயிலலாம், காயம் வரும் ஆபத்து குறைவு. இந்தக் கலையில் முதலில் கற்றுக்கொடுப்பது விழுவதைத்தான். கீழே விழுவதற்குப் பயந்தவன் எதையும் கற்கமாட்டான் என்பது எந்த ஆசிரியருக்கும் தெரியும்.

பின்னாளில் இரண்டு வாசகங்களில் தன் கொள்கையைச் சுருக்கினார். ‘செய்ர்யோகு ஜென்யோ’: ஆற்றலை மிகச் சிறந்த முறையில் பயன்படுத்து. ‘ஜிதா க்யோஎய்’: நீயும் பிறரும் சேர்ந்தே தழையுங்கள். அவருடைய சொந்த வட்டாரத்தில் 1927-இல் அவரது துணையோடு தொடங்கப்பட்ட நடா பள்ளி இந்த இரண்டையும் தன் குறிக்கோளாக வைத்தது. இன்று தோக்கியோ பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குப் பெயர்போன பள்ளி அது.

கானோ எத்தனையாவது டான்?

கேட்கத் தோன்றுவது இயல்புதான். இன்று கராத்தேயிலும் டேக்வாண்டோவிலும் நம் ஊர்ப் பிள்ளைகள் வாங்கும் கறுப்புப் பட்டை, அதன் படிநிலைகளான டான் எல்லாம் கானோ ஜூடோவில் தொடங்கிவைத்த முறையிலிருந்து பரவியவை. 1883-இல் தன் மாணவர்கள் ஷிரோ சாய்கோ, சுனேஜிரோ தோமிதா இருவருக்கும் முதல் டான் கொடுத்தார். கோடோகானில் பத்தாவது டான்தான் உச்சம். அதைப் பெற்றவர்கள் இதுவரை இருபது பேர்கூட இல்லை. முதலில் பெற்றவர் யோஷித்சுகு யமஷிதா. அமெரிக்க அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட்டுக்கே வெள்ளை மாளிகையில் ஜூடோ கற்றுக்கொடுத்தவர்.

கானோ அந்தத் தகுதிகளை வழங்கும் இடத்தில் இருந்தவர். அவருக்கு பதினொன்று, பன்னிரண்டு என்று டான் சொல்லும் குறிப்புகளைப் படிக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

பெண்களுக்கு இடம் கொடுத்தாரா?

1893-இலேயே சுஎகோ அஷியா என்ற பெண் அவரிடம் பயின்றார். 1926-இல் கோடோகானில் பெண்கள் பிரிவு முறைப்படி தொடங்கியது. போட்டிகளில் பெண்கள் இறங்கவில்லை. அன்றைய வழக்கத்தின் எல்லையை கானோவும் தாண்டவில்லை. அவருடைய முதல் ஆசான் ஹச்சினோசுகே ஃபுகுடாவின் பேத்தி கெய்கோ ஃபுகுடாவை 1930-களில் கானோ தாமே பயிற்சிக்கு அழைத்தார். குருவுக்குச் செய்த கைம்மாறாகவே இதை நான் எடுத்துக்கொள்கிறேன். கெய்கோ பின்பு அமெரிக்காவில் குடியேறி, 2011-இல் அமெரிக்க ஜூடோ அமைப்பிடமிருந்து பத்தாவது டான் பெற்றார். 2013-இல் தம் 99-ஆம் வயதில் மறையும் வரை பாயை விட்டு இறங்கவில்லை.

1940 தோக்கியோ ஒலிம்பிக்கைக் கொண்டுவந்தது அவர்தானா? பிறகு ஏன் நடக்கவில்லை?

ஊக்கம் தோக்கியோ நகரத்தாருடையது. உலகத்தின் முன் அதைச் சுமந்தவர் கானோ. எழுபது வயதைத் தாண்டியவர் லாஸ் ஏஞ்சல்ஸ், ஏதென்ஸ், பெர்லின் என்று கப்பலிலும் ரயிலிலும் அலைந்தார். ஐரோப்பாவிலிருந்து இவ்வளவு தொலைவில் எப்படி நடத்துவது என்ற கேள்விக்கு, நாங்கள் இத்தனை ஆண்டுகளாக அதே தொலைவைக் கடந்துதானே உங்களிடம் வருகிறோம் என்ற வாதத்தை ஜப்பான் தரப்பு வைத்தது. 1936 ஜூலை 31 அன்று பெர்லினில் வாக்கெடுப்பு. தோக்கியோவுக்கு 36, ஹெல்சிங்கிக்கு 27. ஆசியாவுக்கு முதன்முறையாக ஒலிம்பிக் வரப்போகிறது.

ஓராண்டில் நிலைமை மாறியது. 1937-இல் ஜப்பான் சீனாவோடு போரில் இறங்கியது. இராணுவத்துக்கு விளையாட்டு அரங்கம் கட்டும் இரும்பில் அக்கறை இல்லை. வெளிநாடுகள் விலகப்போவதாகப் பேசின. 1938 மார்ச்சில் கெய்ரோவில் கூடிய ஒலிம்பிக் குழுவில் 77 வயது கானோ எழுந்து நின்று, தோக்கியோவில் போட்டி நடக்கும் என்று உறுதி சொன்னார். குழு அதை ஏற்றுக்கொண்டது. அங்கிருந்து அமெரிக்கா வழியாக வான்கூவர் வந்து, ஹிகாவா மாரு கப்பலில் ஊருக்குப் புறப்பட்டார். வழியில் நிமோனியா கண்டது. யோகோஹாமா சேர இரண்டு நாள் இருக்கையில், மே 4 அன்று, கப்பலிலேயே உயிர் பிரிந்தது. கரையில் இறக்கப்பட்ட பெட்டியின் மேல் ஒலிம்பிக் கொடி போர்த்தியிருந்தது.

அடுத்த இரண்டரை மாதத்தில், ஜூலையில், ஜப்பான் அரசு போட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

இந்த விஷயத்தில் அவர் மீது விமர்சனம் இல்லையா?

உண்டு, இருக்கவேண்டியதும்தான். சீனாவில் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது, சீனப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திய ஒருவர் போட்டியைப் பற்றி மட்டும் கவலைப்பட்டது எப்படி என்ற கேள்விக்குச் சமாதானம் சொல்லி மழுப்ப எனக்கு விருப்பமில்லை. மேலவை உறுப்பினராக இருந்தவர். அரசின் குரல் அவர் குரலோடு கலந்தே ஒலித்தது. 1940-ஐத் தேர்ந்தெடுத்ததற்கே, ஜப்பானியப் பேரரசு தோன்றி 2600 ஆண்டு நிறைவதாகச் சொல்லும் தொன்மக் கணக்குக்கு விழா எடுப்பதும் ஒரு காரணம். அதே வேளையில், விளையாட்டு நடந்தால் போர்வெறியைக் கொஞ்சமாவது தணிக்கும் என்று அவர் உண்மையாகவே நம்பியிருக்கக்கூடும் என்று அவருடைய வாழ்க்கை முழுவதையும் பார்க்கும்போது தோன்றுகிறது. இரண்டையும் சேர்த்தே அவரை நினைக்கவேண்டும்.

ஜூடோவை ஒலிம்பிக்கில் சேர்க்க அவர் முயன்றாரா?

பெரிதாக இல்லை. இவ்வளவு காலம் குழுவில் இருந்தும் தம் பிள்ளைக்குத் தாமே இடம் கேட்கவில்லை. மற்றவர்கள் விரும்பினால் தடுக்கமாட்டேன், நானாக முன்னெடுக்கத் தோன்றவில்லை என்ற கருத்தை 1936-இல் வெளிப்படுத்தியிருக்கிறார். ஜூடோ வெறும் போட்டி விளையாட்டாகக் குறுகிவிடும் என்ற அச்சம் அவருக்கு இருந்தது.

மறைவுக்குப் பின் கிடைத்த கௌரவங்கள்?

முதலாவதும் பெரியதும் 1964. தோக்கியோவுக்கு ஒலிம்பிக் கடைசியில் வந்தபோது ஜூடோவும் முதன்முறையாகச் சேர்ந்தது. அதற்கென்றே நிப்போன் புடோகான் அரங்கம் எழுந்தது. நான்கு தங்கத்தில் மூன்றை ஜப்பான் வென்றது. எடைக் கட்டுப்பாடு இல்லாத பிரிவில் மட்டும் நெதர்லாந்தின் அன்டன் கேசிங்க் ஜப்பானின் அகியோ கமினகாவை வீழ்த்தினார். வெற்றிக் களிப்பில் பாய்க்கு ஓடிவந்த தம் நாட்டு ரசிகர்களைக் கையை உயர்த்தித் தடுத்துவிட்டு, வணங்கி முடித்தார் கேசிங்க். அரங்கமே அழுத நாளில், கானோவின் பாடத்தை வெளிநாட்டுக்காரர் ஒருவர்தான் அங்கே நடத்திக்காட்டினார். அதே கேசிங்க் 1987-இல் சர்வதேச ஒலிம்பிக் குழு உறுப்பினராகி, கானோ உட்கார்ந்த அவையில் உட்கார்ந்தார். பெண்கள் ஜூடோ 1992 பார்சிலோனாவிலிருந்து முழுப் பதக்கப் போட்டியாயிற்று.

1978 முதல் அவர் பெயரில் சர்வதேசக் கோப்பைப் போட்டி நடத்தப்பட்டது. 1999-இல் சர்வதேச ஜூடோ கூட்டமைப்பின் புகழ் மன்றத்தில் முதல் ஆளாகச் சேர்க்கப்பட்டார். 2011 முதல் அவர் பிறந்த நாளான அக்டோபர் 28 உலக ஜூடோ நாள். 2021-இல் அதே நாளில் கூகுள் தன் முகப்பில் அவரை வரைந்தது. அவருடைய கல்லூரியின் வழித்தோன்றலான ட்சுகுபா பல்கலைக்கழகம் விளையாட்டுக் கல்வியில் இன்றும் முன்னணியில் இருக்கிறது. அங்கும் கோடோகான் வாசலிலும் அவருக்குச் சிலை உண்டு.

இந்தியாவோடு தொடர்பு ஏதும் உண்டா?

உண்டு. 1929-இல் ரவீந்திரநாத் தாகூர் சாந்திநிகேதனுக்கு ஜூடோ ஆசிரியர் வேண்டுமென்று விரும்ப, கோடோகானைச் சேர்ந்த ஷின்ஸோ தகாகாகி வந்து மாணவர்களுக்கும் மாணவிகளுக்கும் கற்பித்தார். ஜூடோவை ஒரு கல்வியாகக் கண்டவரிடமிருந்து, கல்வியை அடைத்த சுவர்களை உடைக்க விரும்பியவரிடம் வந்துசேர்ந்தது.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொருவர் தொராப்ஜி டாடா. 1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்குக்கு இந்திய வீரர்கள் போக வழிசெய்து, சொந்தப் பணமும் கொடுத்து, அதே ஆண்டு சர்வதேச ஒலிம்பிக் குழுவில் இந்தியாவின் முதல் உறுப்பினரானார். அவர் ஆலை முதலாளி, கானோ பள்ளி முதல்வர். ஆசிய நாடுகளில் ஒலிம்பிக் வேரூன்றியது இப்படித் தனி மனிதர்களின் தோளில்தான்.

ஜப்பான் போனால் அவர் நினைவாக என்ன பார்க்கலாம்?

தோக்கியோவின் புன்கியோ வட்டாரத்தில் கோடோகான் பல மாடிக் கட்டடமாக நிற்கிறது. உள்ளே அருங்காட்சியகம் உண்டு. மேல்தளத்துப் பெரிய பயிற்சிக்கூடத்தில் ஊர்ப் பிள்ளைகளும் உலக வீரர்களும் பயில்வதைப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம். அவருடைய கல்லறை சிபா மாநிலத்தில் மட்சுடோ நகரின் யஹஷிரா மயானத்தில் இருக்கிறது.

நேரம் இருந்தால் யோகோஹாமாவுக்கும் போங்கள். கானோவின் கடைசிப் பயணத்தைச் சுமந்த ஹிகாவா மாரு போரில் மருத்துவமனைக் கப்பலாகி, மூழ்காமல் தப்பி, இன்று யமஷிதா பூங்காக் கரையில் அருங்காட்சியகமாக நங்கூரமிட்டு நிற்கிறது. முதல் வகுப்பு அறைகள், உணவுக்கூடம், இயந்திர அறை எல்லாவற்றையும் சுற்றிப் பார்க்கலாம். கெய்ரோவில் தாம் கொடுத்த வாக்கோடு அவர் ஏறியது அந்தத் தளத்தில்தான்.